அமாவாசைக்கு மட்டும் பறந்த நாலு விசிறி

பிள்ளையார்பாளையத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தறிச் சத்தம் உங்கள் காதில் எப்போதாவது விழுந்திருக்கிறதா? வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் அரை மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தச் சத்தத்தில் எப்படித்தான் குடித்தனம் செய்கிறீர்கள் என்பார்கள். எந்தச் சத்தம் என்று நாம் திருப்பிக் கேட்போம். கிண்டலுக்குக் கேட்டதில்லை. நிஜமாகவே நமக்குத் தெரியாது.

முப்பதுகூட முழுசாக ஆகாதவள் கிழவி மாதிரி பழங்கதை பேசுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் எட்டாவது படித்த வருடம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த சாமான் எதையும் இன்றைக்குக் கடையில் கேட்டால் கடைக்காரப் பையன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறான். இப்போது கல்யாண மண்டபத்துக்குள் டிரோன் பறந்து மாப்பிள்ளை தலைமேல் பூப் போடுகிறது, நாம் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு நம் தெருவில் அந்த வார்த்தையே கிடையாது. அண்ணன் செய்ததை எல்லோரும் நாலு விசிறி என்றுதான் சொன்னார்கள்.

அண்ணன் அந்த வருடம்தான் இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்து பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். படிப்புக் காலம் முடிந்துவிட்டது, பட்டம் வரவில்லை. அரியர் பாக்கி. எத்தனை பேப்பர் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. வந்தவன் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து நாலு மோட்டார், கொஞ்சம் ஒயர், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு போர்டு எல்லாவற்றையும் பாயில் பரப்பினான். எனக்கு அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேலூரில் புடவைக் கடை வைத்திருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, பையனை என்னோடு அனுப்புங்கள், கடையில் நின்று பழகட்டும் என்றார். அப்பா தறிக்குழிக்குள் காலை விட்டபடியே பேசினார்.

"அனுப்புறேன் மச்சான். எடுத்தத எதையாவது முடிச்சிருக்கானா இவன்? இப்ப பாரு, வெளையாட்டு பொம்ம வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கான்."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இத நேரா நின்னு பறக்க வெக்கிறேன்பா. வெச்சிட்டேன்னா நான் இங்கியே இருந்து அரியர் எழுதுவேன். வெக்கலன்னா மாமா கூட போயி பொடவ மடிக்கிறேன்."

"ஆவணி பொறந்ததும் வந்து இட்டுக்கினு போ மச்சான்," என்றார் அப்பா. பேச்சு அவ்வளவுதான். ஆனியும் ஆடியும் அண்ணன் கையில் இருந்தன.

அவன் அதைக் கட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒட்டடைக் கம்பின் அலுமினியக் குழாயை அறுத்து நாலு கை செய்தான். அம்மா ஒட்டடைக் கம்பைத் தேடித் தேடி ஓய்ந்தாள். நடு உடம்புக்கு, தறிமேல் ஜக்கார்டு பெட்டியில் சுற்றுமே, ஓட்டை ஓட்டையாக இருக்கும் அட்டை, அதில் பழசாய்ப் போனவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தினான். ஸ்க்ரூ போட ஓட்டை ஏற்கெனவே இருந்தது. யாரோ ஒரு மணப்பெண்ணின் புடவையில் மயிலாகவோ மாங்காயாகவோ விழுந்த ஓட்டைகள் அவை. ஈயப் பற்று வைக்கும்போது எழும் புகைக்கு ஊதுபத்தியும் டயரும் சேர்ந்து எரிவது போல ஒரு வாசனை. பக்கத்துச் சாயப் பட்டறை வாசனையோடு அது கலந்து வரும். எனக்குப் பிடித்திருந்தது. ஸ்க்ரூக்கள் பவுடர் டப்பாவில் இருந்தன, எடுத்தால் பாண்ட்ஸ் வாசனை அடிக்கும்.

கோளாறுகளும் வரிசையாக வந்தன. முதல் நாள் காற்று மேலே அடித்தது, ஆள் தரையோடு ஒட்டிக்கொண்டது. விசிறிகளைத் தலைகீழாக மாட்டியிருந்தான். அடுத்த நாள் பம்பரமாகச் சுற்றியது. எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு ஒரு பக்கமும் மற்ற இரண்டு மறுபக்கமும் சுற்ற வேண்டுமாம். ஒன்றின் ஒயரை மாற்றிப் பற்றுவைத்திருந்தான். ஒரு நாள் ஒரு மோட்டார் மட்டும் விக்கல் எடுத்தது. பற்று வைத்த இடம் வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம் இருந்தது, தேடினால் கிடைத்தது. அதுதான் என்னை அவனோடு கட்டிப்போட்டது. நம் வீட்டில் மற்ற எதற்கும் இப்படித் தேடினால் காரணம் கிடைக்காது. அம்மா ஏன் திடீரென்று கோபப்படுகிறாள் என்று யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா?

கடைசியாக ஒரு கோளாறு மிச்சம் நின்றது. அதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. எழும்பும், முழங்கால் உயரம் போகும், யாரோ காதைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் முட்டும். ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம்.

எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தான். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்வார்: சமமான இடத்தில் வை, பேட்டரியை இணை, போர்டில் உள்ள விளக்கு மினுக்குவது நிற்கும்வரை தொடாதே. நம் தெருவில் சமமான இடத்துக்கு எங்கே போவது? தெரு சாக்கடைப் பக்கம் சரிவு, கூடம் முற்றத்துப் பக்கம் சரிவு, மொட்டை மாடி குழாய்ப் பக்கம் சரிவு. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து வீடு முழுக்க வைத்துப் பார்த்தோம். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழ் எங்கே வைத்தாலும் ஓரத்துக்கு ஓடியது. ஒரே ஒரு இடத்தில் நட்ட நடுவில் நின்றது. தறிக்காலோடு சேர்த்து அடித்த மரத்தட்டு. அப்பா நூல் சுற்றிய தார்க்குச்சிகளும் கத்தரியும் வைத்துக்கொள்ளும் தட்டு. தறி கோணினால் புடவை கோணும் என்பதால் தறியை நட்டவர் அப்படி மட்டம் பார்த்து நட்டிருந்தார். அதனால் நாலு விசிறியைத் தட்டில் வைத்து பேட்டரி மாட்டுவான், விளக்கு நின்றதும் பூப்போல் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவான். காலையில் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக நீட்டியிருப்பார்கள். அதைச் சுருட்டி எடுத்த பிறகுதான் எங்கள் முறை.

தெருமுனைச் செல் கடை பாய் தன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைப் பார்த்தார். "ரிசீவர்தான்பா பேஜார் பண்ணுது. சைனா மால். மாத்திக் குடுக்கிறேன், இன்ஷா அல்லா நாளைக்குப் பறக்கும்," என்றார். மாற்றிக் கொடுத்தார். மறுநாள் அது பாயின் கடைக் கதவிலேயே போய் முட்டியது. ஓரிக்கைக்கு சைக்கிளில் கொண்டுபோய்ப் பாலாற்று மணலில் ஒருமுறை விட்டோம். மணலில் மட்டம் எங்கே வரும், ஆற்றுக் காற்று வேறு. அது கோரைப் புதருக்குள் போனதுதான் மிச்சம். மட்டம் முக்கியம் என்று அண்ணன் மேலும் பிடிவாதமானான்.

இதற்கிடையில் ஒரு அமாவாசை வந்தது. அன்றைக்கு நம் தெருவில் யாரும் தறி தொட மாட்டார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா குளித்து, தர்ப்பணம் கொடுத்து, காக்கைக்கு வைத்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தார். அண்ணன் வழக்கம்போல் தட்டில் வைத்து பேட்டரி மாட்டி வெளியே கொண்டு வந்தான். எழுப்பினான்.

நின்றது. என் தோள் உயரத்தில், ஆணி அடித்து மாட்டிய படம் மாதிரி நின்றது. அண்ணன் பயந்துபோய் இறக்கிவிட்டான். மறுபடி எழுப்பினான், மறுபடி நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா வாசலில் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அமாவாசை இல்ல? பெரியவங்க வந்து தூக்கிப் புடிக்கிறாங்கடா."

அப்பாவை எழுப்ப ஓடினேன். அண்ணன் தடுத்தான். "நாளைக்குக் காட்டலாம். இன்னிக்குத் தூங்கட்டும்." மறுநாள் வழக்கம்போல் தட்டில் பேட்டரி மாட்டிய பிறகு, நெய்துகொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு வந்து நிறுத்தினோம். அது எழும்பி, சாய்ந்து, அப்பாவின் காலடியிலேயே விழுந்தது. அப்பா உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. பேட்டரி சூடா, வெயிலா, அண்ணன் வெறும் வயிற்றில் விட்டானா, வடை தின்றுவிட்டு விட்டானா? ஒரு நாள் அம்மாவைக் கெஞ்சி வடை சுடவைத்து அவனைத் தின்னச் சொல்லிப் பார்த்தேன். வடைதான் செலவானது. நிலாவுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அறிவியல் டீச்சரைக் கேட்டு வகுப்பே சிரித்தது, நீங்களும்தான் சிரித்தீர்கள். ஆடி அமாவாசை வந்தது. பழையபடி படம் மாதிரி நின்றது. அப்பா அன்று கோயிலுக்குப் போயிருந்தார். வந்ததும் பெரியப்பா சொன்னார், அப்பா நம்பவில்லை. "வேல நாள்ல வேல செய்யாம ஆடுனா வுழத்தான் செய்யும்," என்றார். அவர் கணக்கு அது.

ஆவணி பிறந்தது. மாமா மறுநாள் வருவதாகப் போன் வந்தது. அண்ணன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். செய்ய ஒன்றும் இல்லாமல் பவுடர் டப்பாவை எடுத்து, ஸ்க்ரூக்களைத் தறித்தட்டில் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்கினேன். ஒன்றுகூடத் தொலையக் கூடாது, பெட்டியில் ஒழுங்காகப் போக வேண்டும் என்று எனக்கு. ஸ்க்ரூ விஷயத்தில் அண்ணன் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. தட்டில் வைத்தது எல்லாம் தறிக்குழிக்குள்தான் கிடக்கும், அப்பாவின் காலில் குத்தும். "ஒரு ஸ்க்ரூவ ஒரு எடத்துல வெக்கத் தெரியல, இவன் இன்ஜினீயராம்," என்று அப்பா கத்துவார்.

தட்டில் மோவாயை வைத்து ஸ்க்ரூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நெய்துகொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த குட்டி ஸ்க்ரூ வரிசையை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. சரிசெய்தேன். மறுபடி விலகியது. கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். அப்பா இழையை நெருக்க அச்சை இழுத்து அடிக்கும்போதெல்லாம் அது ஒரு மயிரிழை நகர்ந்தது. அடி, நகர்வு. அடி, நகர்வு. கடைசியில் விளிம்புக்கு வந்து, எட்டிப் பார்த்து, குழிக்குள் விழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"அண்ணா, ஸ்க்ரூ நடக்குது!"

முதலில் எரிந்து விழுந்தான். இழுத்து வந்து காட்டினேன். அடுத்த ஸ்க்ரூவும் நடந்தது. அவன் ரசமட்டத்தை எடுத்துத் தட்டில் வைத்தான். குமிழ் நடுவில்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுங்கியது. இத்தனை நாளும் அது நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தோம், நடுங்குகிறதா என்று பார்க்கவே இல்லை. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னான். பேட்டரி மாட்டியதும் அந்தப் போர்டு முதலில், அசையாமல் இருப்பது என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்து மனசில் வைத்துக்கொள்ளும். பிறகு ஆகாயத்தில் அதை வைத்துத்தான் சாய்கிறோமா இல்லையா என்று தீர்மானிக்கும். நாங்கள் தறி ஆட்டத்தைக் காட்டி, இதுதான் அசையாமல் இருப்பது என்று அதை நம்பவைத்திருந்தோம். பாவம், அது நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் சாய்ந்தது. அமாவாசைக்குத் தறி நிற்கும், அதனால் அதுவும் நின்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு. தறி அதிர்கிறது என்பது நமக்குத் தெரியாது, தறியோடு சேர்ந்து நாமும் அதிர்ந்துதான் வளர்ந்தோம்.

அன்று அப்பா தறியை விட்டு எழுந்தபோது இருட்டிவிட்டது, எழுப்பிப் பார்க்க முடியவில்லை. மறுநாள் பாவு சுருட்டும் நேரத்துக்கு மாமா வந்து இறங்கினார். அண்ணன் போய்த் தறிமுன் நின்றான்.

"கோளாறு என்னான்னு கண்டுபுடிச்சிட்டேன்பா. தறிதான்."

அப்பாவின் கை நின்றது. "என்னாது? தறி மேலியே பழி போடறியா? இந்தத் தறிதாண்டா உன்னப் படிக்க வெச்சிது."

"பழி போடலபா. அதிருது, அதான் சொல்றேன். கொஞ்ச நேரம் நிறுத்து. நீயே பாரு."

அப்பா குறுக்கு இழை ஓட்டும் நாடாவைப் புடவை மேல் வைத்தார். குழியிலிருந்து ஏறி வந்து துண்டைத் தோளில் போட்டார். "செவுத்துக்கு அந்தாண்ட பெரியப்பா தறி ஓடுதே, அது?"

"நம்ம தறி நின்னா போதும்பா."

"போதாது. அப்புறம் வுழுந்துச்சின்னா அந்த வூட்டு மேல சாக்கு சொல்லுவ. நின்னா எல்லாமே நிக்கட்டும்."

எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தப்பித்துக்கொள்ள ஒரு சந்துகூட விடாமல் அடைக்கிறாரே என்று. இன்று யோசித்தால், அண்ணன் சாக்கு சொல்ல வழியில்லாமல் செய்தாரா, அது விழ வழியில்லாமல் செய்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசல் வாசலாகப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தனக்கென்று யார் வீட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்காத மனுஷர் அவர். ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னார். "கொஞ்ச நேரம் தறிய நிறுத்துங்கபா. அப்புறம் போடலாம்." ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது. ஒரு வீடு நின்றது, அடுத்த வீடு நின்றது. தெருவின் அந்தக் கோடிவரை நின்றுபோனபோதுதான் இத்தனை நாள் என்ன சத்தத்தில் இருந்தோம் என்று எனக்குத் தெரிந்தது. காது ங்ஙென்றது.

அம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "யாருக்கு இன்னா ஆச்சி?"

நமக்குத்தான் தெரியுமே. வேலை நாளில் தெருவே தறியை நிறுத்துவது ஒன்றுக்குத்தான். பெண்கள் தலையை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தார்கள். கோடி வீட்டுப் பெரியவர் துக்கம் கேட்கக் கிளம்புகிறவராகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எந்த வூட்ல? எந்த வூட்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். செல் கடை பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்து, "யாருங்க மௌத்து?" என்றார். நல்ல நாளில் இப்படிச் செய்யலாமா என்று பெரியப்பா முணுமுணுத்தார். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றினார்.

அப்பா தெரு நடுவில் நின்றார். அத்தனை பேர் முன்னால் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"எந்த வூட்லயும் ஒன்னும் ஆவல. எம் புள்ளைக்கு இன்னிக்குப் பரிட்ச. கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க."

உள்ளே அண்ணன் பேட்டரியை இணைத்தான். மோட்டார்கள் விழித்துக்கொள்ளும்போது டிங் டிங் என்று பாடும். அது தெருவுக்கே கேட்டது. விளக்கு மினுக்கி நின்றது. தூக்கி வந்து தெருவில் வைத்துவிட்டுப் பின்னால் போனான். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தான்.

எழும்பியது. முழங்கால் உயரம் வந்தது. அங்கேதான் எப்போதும் சாயும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது அப்பாவின் நெஞ்சு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்த கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்பா அதைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நெய்து முடித்த புடவையின் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அண்ணன் இறக்கப் போனான்.

"எறக்காத. இருக்கட்டும்," என்றார்.

வீட்டுக்குள் போனார். முதலில் எங்கள் தறி சத்தம் போட்டது. பிறகு பெரியப்பா தறி, பிறகு அடுத்த வீடு, பிறகு தெரு முழுக்க. நாலு விசிறி அந்தச் சத்தத்துக்கு நடுவில் அசையாமல் நின்றது. அப்போதுதான் அப்பாவின் குரல் உள்ளேயிருந்து, தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தலாகவே, வந்தது.

"மச்சான், சாப்ட்டுட்டு நீ கௌம்பு. அவன் வரல."

அண்ணனுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. இரண்டு கையும் ரிமோட்டில் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான்தான் பாவாடையைத் தூக்கி அவன் முகத்தைத் துடைத்தேன்.